பெட்டியின் மேல் பாதிக்கு எந்த ஆம்ப்ளிபையர்

அருளு, அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று மறுநாள் சொன்னேன். அது பொய் என்று உனக்கும் தெரியும். நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். பேச்சை முடி என்பதைத்தான் நீ அப்படிச் சொல்கிறாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வேகமாக வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நிறுத்தச் சொன்னது யார் என்பதும் எனக்கு மறக்கவில்லை. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் அவளும் படிப்பாள். படிக்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நீ கேட்டது இதுதான். கோயம்புத்தூரில் புது வீடு கட்டிவிட்டாய். அப்பாவின் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அங்கே கொண்டுபோகப் போகிறாய். பெட்டியின் கீழ்ப் பாதிக்கு ஒரு ஆம்ப்ளிபையர், மேல் பாதிக்கு வேறொரு ஆம்ப்ளிபையர் என்று பிரித்துப் போடப் போகிறாய். கீழே போட ஒன்று வாங்கிக்கொள்கிறாய். மேலே போட, பழனியில் நடந்த கல்யாணத்தில் உன் சித்தப்பா சவரிமுத்து உன் கையைப் பிடித்து, "எங்கிட்ட இருக்குறத கொண்டு போ அப்பு" என்றாராம். வாங்கலாமா, வேண்டாமா? உன் மகள் காலேஜுக்குப் போகும் வயசில் நீ என்னிடம் பயந்து பயந்து கேட்டாய். பயந்தது சரிதான். அந்த மனிதன் இந்த வீட்டுப் படியேறி வெகுகாலம் ஆகிறது. ஏறக் கூடாது என்று சொன்னது நான். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனை நான் அவன் என்றுதான் எழுதுவேன். நீ அவர் என்று படித்துக்கொள்.

அந்தப் பெட்டிகள் இந்த மேட்டுப்பட்டி வீட்டுக்கு வந்த கதையை உன் அப்பா உனக்கு வேறு விதமாகச் சொல்லியிருப்பார். அவருக்குக் கதையை மெருகேற்றும் பழக்கம் உண்டு. நடந்ததை நான் சொல்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் கொடைக்கானல் பக்கம் லைன் பார்க்கப் போனவர், ஒரு பங்களாவில் வெள்ளைக்கார அம்மா ஊரைவிட்டுப் போகும் அவசரத்தில் சாமான்களை விற்பதைப் பார்த்தார். கட்டில் வாங்கி வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கேரட் லாரியில் ஏறி வந்தது கட்டில் இல்லை, என் இடுப்புக்கு மேல் உயரமாக இரண்டு மரப்பெட்டிகள். அடியில் சோற்றுத் தட்டைவிடப் பெரிய காகிதக் கூம்பு. மேலே ஒரு சின்னக் கொம்பு. தவிலும் மிருதங்கமும் அடியிலிருந்து வரும், தாளமும் சலங்கையும் கொம்பிலிருந்து வரும். நான் கோபத்தில் சாப்பாடு போடவில்லை. சாயங்காலம் அவர் ஒரு நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார். செத்த நேரம் கழித்து நானே தட்டை எடுத்து வைத்தேன். அந்தக் கட்டில் இன்றுவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டியைப் பிரித்து இரண்டு ஆம்ப்ளிபையர் போடும் யோசனை உன் அப்பாவுடையது இல்லை, சவரியுடையது. அவன் அப்போது எங்களோடுதான் இருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் ஈயக்கம்பியும்தான். பெட்டியின் முதுகில் நான்கு திருகாணிகள் இருக்கின்றன அல்லவா, மேலே இரண்டு, கீழே இரண்டு? மேல் இரண்டையும் கீழ் இரண்டையும் பித்தளைத் தகடு சேர்த்துப் பிடித்திருக்கும். ஒரே ஆம்ப்ளிபையர் என்றால் அந்தத் தகடு இருக்க வேண்டும். இரண்டு என்றால் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் போட்டால் இரண்டு ஆம்ப்ளிபையரும் ஒன்றின் வாயில் ஒன்று ஊதும்; ஒன்று கருகும். அவன் தகட்டைக் கழற்றி, கீழே அண்ணனுடைய ஆம்ப்ளிபையரையும் மேலே தானே செய்ததையும் மாட்டினான். பிறகு இரண்டு பேரும் என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "அண்ணி, இப்ப எப்படி? இப்ப?" என்று அவன் கேட்பான். "அவளுக்கு என்னடா தெரியும்" என்று உன் அப்பா சொல்வார். சொல்லிவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார். கொம்பு கத்துகிறது என்றால் குறைப்பார்கள். அடி கொழகொழவென்று இருக்கிறது என்றால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். படிக்காதவள் என்று என்னைச் சொன்ன எல்லாரையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் அந்தப் பேச்சை ஒருவரும் எடுத்ததில்லை.

அந்த நாற்காலியில் கற்றதை உனக்குச் சொல்கிறேன். நீ அனுப்பிய ஆம்ப்ளிபையர் படங்களை டீச்சர் பெரிதாக்கிக் காட்டினாள். முதல் படத்தில் இருப்பதன் முகம் நீல விளக்கோடு அழகாக இருக்கிறது. விளக்கைப் பார்த்து வாங்காதே. கீழ்ப் பாதிக்கு வேண்டியது பிடி. தவிலில் அடி விழுந்ததும் கூம்பு முன்னால் வரும். வந்ததை அப்படியே பிடித்து நிறுத்துகிற ஆம்ப்ளிபையர் வேண்டும். நிறுத்தத் தெரியாதது எத்தனை வாட்ஸ் இருந்தாலும், ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடியை அதன் மேல் போட்டுக் குழப்பும். இரண்டாவது படத்தில் இருக்கிறதே, கறுப்பாக, தூக்கவே ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டுப் பார். மேல் பாதிக்குப் பலம் தேவையில்லை, சுத்தம்தான் தேவை. கொம்பு எதையும் மறைக்காது. ஆம்ப்ளிபையருக்குள் இருக்கும் ஸ்ஸ் என்ற சீறலைப் பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடும். அதனால் பாட்டு எதுவும் போடாமல், குமிழை முழுக்கத் திருப்பி, கொம்பில் காதை வைத்துக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும், சேர்ந்து இறங்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒன்று வேகமாக ஏறி மற்றது மெதுவாக ஏறினால், சின்னச் சத்தத்தில் பாட்டாக இருப்பது பெரிய சத்தத்தில் வெறும் கொட்டாகிவிடும். தனியாக அளவு குறைக்கிற குமிழ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. இதற்கெல்லாம் முன்னால் பெட்டிக்குள் கூம்புக்கும் கொம்புக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பழைய கண்டன்சரை மாற்று. வயதான கண்டன்சரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே எதை மாட்டினாலும் வீண். காலேஜில் படித்தபோது கையடக்கமாக ஒரு நீல ஸ்பீக்கர் வாங்கி வந்து, "இந்த டப்பாவ வித்துரலாம்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னவன் நீ. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனி சவரி விஷயம். நீ கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய அன்று நடந்த புதுநன்மை விருந்து உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. வெள்ளைச் சட்டையில் பிரியாணி கொட்டிக்கொண்டாய். பூசை முடிந்து சொந்தமெல்லாம் வீட்டில் கூடியிருந்தது. அப்பாவின் ஆபீசரும் வந்திருந்தார். முந்தின வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்த ஆட்கள் ஒயரைக் கழற்றிப் பெட்டிகளை நகர்த்தியபோது, பக்கத்தில் கிடந்த தகட்டையெல்லாம் திரும்ப முறுக்கி வைத்திருந்தார்கள். எப்போதும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயர் மாட்டுவது தம்பிதான். அண்ணன் முன்னால் நின்று குமிழைத் திருப்புவார். அது இந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு சவரி பந்தி பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீசர் பாட்டுப் போடச் சொல்லிவிட்டார் என்று உன் அப்பா தானே குனிந்து ஒயரை மாட்டினார். தகடு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் பெட்டி வைத்திருந்தவர் அதன் முதுகைப் பார்த்ததில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் தம்பியிடம் கேட்பதா?

அப்போது சவரி கையில் வாளியோடு உள்ளே வந்தான். நான் கதவருகே நின்றிருந்தேன். அவன் கண் பெட்டிக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். தகட்டைப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் பார்த்தது எதை என்று எனக்கு உறைத்தது பிறகுதான். உன் அப்பா சுவிட்சைப் போட்டார். தாளம் ஒருமுறை கேட்டது. அப்புறம் புகை. கருகியது சவரியின் ஆம்ப்ளிபையர். ஆபீசர் மூக்கைப் பொத்தினார். உன் அப்பா எல்லார் முன்னாலும், "தகர டப்பாவுல செஞ்சா இப்படித்தான் ஆகும். மட்டமான சாமான்" என்றார். சவரி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கருகியதைத் துண்டில் சுற்றி எடுத்தான். வாசலில் நின்று, "என் ஆம்ப்ளிபையர் இல்லாம ஒங்க பெட்டி வெறும் பலகைண்ணே" என்றான். அந்த வாரமே அகரத்தில் வீடு பார்த்துப் போய்விட்டான். உன் அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்தான். நான் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான்.

இத்தனை வருஷமாக நான் மனசில் வைத்திருந்தது பலகை என்ற வார்த்தையை மட்டும் இல்லை. பார்த்தும் சொல்லாமல் இருந்தானே, அதை. அண்ணன் அவமானப்படட்டும் என்று தன் சாமானையே கருக விட்டவன் எப்படிப்பட்டவன்? இதை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் இன்னும் உடைந்துபோவார் என்று நினைத்தேன்.

நீ போனில் கேட்ட மறுநாள் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கேட்டுப் பார்க்காமல் ஒரு ஆம்ப்ளிபையரை வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. பஸ் ஏறி அகரத்துக்குப் போனேன். கதவைத் திறந்தவன் அசையாமல் நின்றான். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"அண்ணி."

"ஆம்ப்ளிபையரப் பாக்க வந்தேன். ஒங்களப் பாக்க வரல."

"அது உள்ள இருக்கு. நடுவுல நான் நிக்கிறேன், என்ன செய்ய?"

"தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றான். "காப்பி போடச் சொல்லவா?" என்றான். குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். குடிக்காமல்தான் போயிருந்தேன். கருகியதை அவன் அப்போதே சரி செய்துவிட்டான். அதே தகரப் பெட்டி, புது நெஞ்சு. ஒரு கொம்பை மாட்டி, பாட்டு போடாமல், குமிழை முழுக்கத் திருப்பினான். காதை வைத்தேன். ஒரு பொட்டு சத்தம் இல்லை. குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. "சுத்தமா இருக்கு" என்றேன், வாய் கசக்க.

அவன் சிரித்தான். "எனக்கும் அப்படித்தான் அண்ணி கேக்குது. எம் பேத்தி இருக்காளே, அவ வந்து, பாம்பு மாதிரி சீறுது தாத்தாங்குறா. நம்ம காது போயிருச்சு."

"ஒங்க காது போயிருக்கும்."

"இருங்க" என்று ஒரு நாதஸ்வர ரெக்கார்டை எடுத்தான். எங்கள் வீட்டில் இருந்தது போன்றதே. "தாளம் கேக்குதா பாருங்க."

"மொதல்ல போடுங்க."

"போட்டாச்சு அண்ணி."

கொம்பில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். எங்கோ தூரத்தில் நாதஸ்வரம் மெலிதாக வந்தது. தாளத்தின் அந்த ணிங் என்ற ஓசை, நான் நாற்காலியில் உட்கார்ந்து கத்துகிறது, குறை, கத்துகிறது, குறை என்று சொன்ன அந்த ஓசை, வரவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் காதைச் சாய்த்துத் தேடிக்கொண்டிருந்தான். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்குத் தகடு இருந்ததப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அம்புட்டுப் பேரு நின்னாங்க அண்ணி. அந்த ஆபீசர் நின்னாரு. அண்ணனுக்கு ஒயரு மாட்டத் தெரியலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? வாயத் தொறந்தா அவரு மொகம் சின்னதாப் போயிரும். போனாப் போகுது, நம்ம சாமான்தானேன்னு நெனச்சேன். கருகுனா அப்புறம் செஞ்சுக்கலாம். அவரு என்னயவே சொல்லுவாருன்னு நெனைக்கல."

கேட்டாயா, அருளு? அண்ணனைக் காப்பாற்ற அவன் வாயை மூடியிருக்கிறான். உன் அப்பாவோ தன் முகத்தைக் காப்பாற்ற வாயைத் திறந்திருக்கிறார். அதிலும் உன் அப்பா மறுநாள் காலையில் பெட்டிக்குப் பின்னால் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். எழுந்து வந்தவர் காப்பி கேட்டார், பேப்பரை விரித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அகரத்துக்குப் போய், தப்பு என்னுடையதுடா என்று சொல்ல அவருக்குக் கால் வரவில்லை. அண்ணன் தம்பியிடம் போய் நிற்பதா என்பதுதான். நான் கோபப்பட்டது ஆள் மாறிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கல்லறைக்குப் போனேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அவரை நன்றாகத் திட்டினேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆனால் அகரத்தில் நான் அதோடு விடவில்லை. "பலகைன்னு சொன்னீங்களே, அது?" என்றேன்.

"தப்புதான் அண்ணி. கோவத்துல சொன்னது."

"தப்புதான்."

"பெட்டி நல்ல பெட்டி."

"அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா தம்பி?"

தம்பி என்று வாய் தவறி வந்துவிட்டது. அவன் எழுந்து உள்ளே போய்க் காப்பிக்குச் சொன்னான். சர்க்கரை குறைவு. குடித்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கிளம்பும்போது சவரியே சொன்னான்: "அவன புதுசு வாங்கச் சொல்லுங்க அண்ணி. ஆசையில குடுக்குறேன்னு சொல்லிட்டேன். அவன் காதுக்கு இது சீறும், அவன் மக காதுக்கு இன்னும் சீறும்." அவன் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்ற இந்த வார்த்தையை உனக்கு நான் எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். கீழ்ப் பாதியைப் பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் இன்றைக்கும் நிற்கும். கொட்டு எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது. மேல் பாதிக்கு எது என்று தீர்ப்பு சொல்ல என் காது இப்போது லாயக்கில்லை. உன் மகளைக் கொம்புக்குப் பக்கத்தில் உட்கார வை. அவள் முகத்தைப் பார். சீறுகிறது என்று அவள் சொன்னால் சவரியுடையதைத் தயங்காமல் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை வாங்கு. சித்தப்பா கொடுத்தது என்பதற்காக மோசமாகக் கேட்டுக்கொண்டிருக்காதே. அவனுக்கும் அது பிடிக்காது. உனக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: தெரியாததை நீ பயந்துகொண்டாவது கேட்டுவிடுகிறாய். அது உன் அப்பாவிடமிருந்து வரவில்லை. என்னிடமிருந்தும் இல்லை.

ஆனால் பெட்டிகள் இங்கிருந்து லாரி ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இந்த வீட்டில் வைத்துப் போட வேண்டும். கீழே நீ வாங்கப்போகிற கறுப்பு, மேலே அந்தத் தகரம். வாங்கியதை நேராக இங்கே கொண்டு வா. சவரியை வரும் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, இது இன்னும் என் வீடு. அவன், "படியேறலாமா அண்ணி?" என்றான். "முட்டி வலி இருந்தா கையப் புடிச்சு ஏத்திவிடுறேன், வா" என்று சொல்லியிருக்கிறேன். கறி எடுக்க வேண்டும். நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு.

அம்மா